"ஏன் இத்தனை வேலை மாறினீங்க?" - ஒரகடம் கேட்கும் கேள்வியும் ஒரு பாம்பு மனிதரின் பயோடேட்டாவும்!

காலை ஐந்தரை மணி. ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. கழுத்தில் ஐ.டி. கார்டு, கையில் டிபன் பாக்ஸ், கண்ணில் பாதித் தூக்கம். ஒரு பக்கம் முதல் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள். எதிர்ப்பக்க டீக்கடையில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள்.

இந்தக் கூட்டத்தில் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவர்கள் மட்டுமல்ல, விலங்கியலும் தாவரவியலும் படித்தவர்களும் இருக்கிறார்கள். மைக்ராஸ்கோப் பிடித்த கை இங்கே ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிறது. ஒரு வருடம் அசெம்ப்ளி லைன், அடுத்த ஆறு மாதம் கேன்டீன் சூப்பர்வைசர், பிறகு ஹோட்டல் ரிசப்ஷன், அதன்பின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய ஆய்வகம் என்று வாழ்க்கை ஓடுகிறது. ஒப்பந்தம் முடிந்ததும் பயோடேட்டாவில் ஒரு வரி கூடுகிறது. அடுத்த இன்டர்வியூவில் அந்தக் கேள்வி வந்து விழுகிறது.

"ரெண்டு வருஷத்துல மூணு இடமா? ஏன் இத்தனை வேலை மாறினீங்க?"

பதில் சொல்லத் தெரியாமல் தலைகுனிபவர்கள் இன்னொருவரின் பயோடேட்டாவையும் ஒருமுறை பார்க்கலாம்.

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர். சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். பாம்புப் பண்ணையில் உதவியாளர். ராணுவ மருத்துவ ஆய்வக ஊழியர். சுற்றுலாப் பயணிகள் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் பூங்காவின் நிறுவனர். ஆவணப்பட இயக்குநர். மழைக்காட்டு ஆய்வு நிலையம் அமைத்தவர்.

எந்த ஹெச்.ஆர். மேஜையில் வைத்தாலும் புருவம் உயரும். ஆனால், இதற்குச் சொந்தக்காரர் 2018-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் பெயர் ராமுலஸ் விட்டேக்கர்.

கொடைக்கானல் பையன்

1943-ல் நியூயார்க்கில் பிறந்தவர் விட்டேக்கர். எட்டு வயதில் குடும்பத்தோடு இந்தியா வந்து, கொடைக்கானலில் படித்தார். சிறுவயதிலிருந்தே பாம்பென்றால் அவருக்கு உயிர். மற்ற வீடுகளில் 'ஐயோ' என்று அலறியிருப்பார்கள். அவருடைய அம்மா தடுக்கவில்லை.

மேற்படிப்புக்காக அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மனம் ஒட்டவில்லை. 1960-களின் தொடக்கத்தில் மயாமியில் பில் ஹாஸ்ட் நடத்திய பாம்புப் பண்ணையில் சேர்ந்தார். விஷம் எடுப்பதைப் பார்க்க மக்கள் அங்கே கூட்டமாக வருவார்கள். வேடிக்கை பார்க்க வருகிறவர்களின் பணத்தில் ஒரு ஆராய்ச்சியே நடக்க முடியும் என்பதற்குக் கண்ணெதிரே சாட்சி.

வியட்நாம் போர்க் காலத்தில் கட்டாய ராணுவ சேவைக்கு அழைப்பு வந்தது. துப்பாக்கி தூக்கும் வேலை இல்லை, மருத்துவ ஆய்வகத்தில் வேலை. சேவை முடிந்ததும், 1967-ல் இந்தியாவுக்கே திரும்பிவிட்டார். கையில் பட்டம் இல்லை. ஆனால், பாம்பைக் கையாளவும், ஆய்வகத்தில் வேலை பார்க்கவும், கூட்டத்துக்கு முன் நின்று விளக்கவும் தெரிந்திருந்தது.

டிக்கெட் கவுன்டரும் ஒரு பாடம்தான்

ஒரகடத்திலிருந்து வண்டலூர் வழியாகத் தாம்பரம் போனால், அதை ஒட்டியே இருக்கிறது சேலையூர். விட்டேக்கரின் முதல் பாம்புப் பண்ணை அங்கேதான் சிறிய அளவில் தொடங்கியது. 1972-ல் அது கிண்டிக்கு இடம்பெயர்ந்தது. பள்ளிச் சுற்றுலா என்றாலே கிண்டி பாம்புப் பண்ணை என்று வளர்ந்த தலைமுறைகள் தமிழ்நாட்டில் உண்டு.

அடுத்து, 1976-ல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வந்தது. முதலை இனங்கள் அழிந்துவிடாமல் காப்பாற்றிப் பெருக்குவதே நோக்கம். ஆனால், முதலைக்கும் தினமும் சாப்பாடு போட வேண்டுமே? அதில் பெரும்பங்கைச் சுமந்தது பார்வையாளர்கள் வாங்கும் டிக்கெட். வருகிறவரை வரவேற்பது, பயத்தைப் போக்குவது, குழந்தைக்குப் புரியும்படி சொல்லி அனுப்புவது - இதெல்லாம் ஹோட்டல் வேலைக்கு வேண்டிய அதே பக்குவம்தான். 2020-ல் கொரோனாவால் கதவுகள் மூடப்பட்டு டிக்கெட் வருமானம் நின்றபோது, முதலைப் பண்ணை பொதுமக்களிடம் உதவி கேட்க வேண்டியிருந்தது. டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்திருந்தவரும் முதலைகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார் என்பது அப்போது பலருக்கும் புரிந்திருக்கும்.

ராஜநாகம் பற்றி அவர் எடுத்த ஆவணப்படம் 1998-ல் எம்மி விருது வாங்கியது. 2005-ல் விட்லி விருது கிடைத்ததையடுத்து, கர்நாடகத்தின் ஆகும்பேயில் மழைக்காட்டு ஆய்வு நிலையம் உருவானது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று 2020-ல் ஓர் ஆய்வுக்கட்டுரை கணக்கிட்டுச் சொன்னது. அதை எழுதியவர்களில் விட்டேக்கரும் ஒருவர். கல்லூரியைப் பாதியில் விட்டவர் என்பதை இங்கே ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

கட்டாயத்தில் மாறியவர்கள்

"அவருக்கென்ன, விரும்பி மாறினார். எங்களை கான்ட்ராக்ட் முடிஞ்சதுன்னு அனுப்புறாங்க" என்று ஒரகடத்து இளைஞர் கேட்டால், அது நியாயமான கேள்வி. அதற்கான பதில் விட்டேக்கரிடம் இல்லை. அவருக்குப் பாம்பு பிடிக்கும் நுணுக்கத்தைக் கற்றுக்கொடுத்த இருளர்களிடம் இருக்கிறது.

மண்ணில் கிடக்கும் லேசான தடம், பொந்தின் வாயில் ஒட்டியிருக்கும் செதில் - இவற்றை வைத்தே உள்ளே இருப்பது என்ன பாம்பு என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். ஒரு காலத்தில் அவர்கள் பிடித்த பாம்புகள் தோல் வியாபாரத்துக்குப் போயின. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து பாம்புத் தோல் ஏற்றுமதிக்கும் தடை. பாம்புகளுக்கு நல்லதுதான். ஆனால், அதை நம்பியிருந்த குடும்பங்களுக்கு ஒரே அடியில் பிழைப்பு போனது.

1978-ல் விட்டேக்கரும் இருளர்களும் சேர்ந்து பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதே ஆட்கள், அதே கடப்பாரை, அதே கண். கணக்கு மட்டும் மாறியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து மண்பானையில் வைப்பார்கள். சில வாரங்கள் விஷம் எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுத் திரும்ப விட்டுவிடுவார்கள். அந்த விஷம்தான் பாம்புக்கடி மருந்துக்கு மூலப்பொருள். அன்று தோலுக்காகப் பாம்பைக் கொன்ற தொழில், இன்று பாம்பையும் காப்பாற்றுகிறது, கடிபட்ட மனிதரையும் காப்பாற்றுகிறது.

செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்குப் போனார்கள். அங்கே பெருகி, காட்டையே காலி செய்துகொண்டிருந்த பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க அழைப்பு. முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

கேட் மூடும்போது...

கேட் மூடும் வலி ஸ்ரீபெரும்புதூருக்குப் புதிதல்ல. 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம்பெண்களும் ஒரே வருடத்தில் வேறு வேலை தேடினார்கள். பிறகு அதே வளாகத்துக்கு சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் வந்தது. கம்பெனியின் பெயர்ப்பலகை மாறலாம். மைக்ராஸ்கோப்பில் பழகிய கண்ணும், பொறுமையாக விருந்தினரிடம் பேசிய நாக்கும் அந்தப் பெயர்ப்பலகையோடு போய்விடுவதில்லை.

ஆனால், திறமை கையில் இருந்தால் மட்டும் போதாது, அதை மதிக்கவும் ஆள் வேண்டும். இருளர்களின் திறமை அவர்களிடம் எப்போதும் இருந்தது. அதற்கு ஒரு சங்கமும், நியாயமான விலையும், முறையான அனுமதியும் கிடைத்த பிறகுதான் அது பிழைப்பானது.

விலங்கியல் படித்து, லைனில் நின்று, ஹோட்டலில் வேலை பார்த்துவிட்டு, இன்று தொழிற்சாலைக் கழிவுநீரைச் சோதிக்கும் ஒரு பெண்ணின் பயோடேட்டா குழப்பமானதல்ல. சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி இந்தத் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தண்ணீரில் வாழும் உயிர்களையும் தெரிந்து, தொழிற்சாலையின் உள்பக்கத்தையும் தெரிந்து, மேலதிகாரியிடம் தயங்காமல் பேசவும் தெரிந்த ஒருவர் அந்த ஏரிக்குத் தேவை.

அதனால், மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'ஏன் இத்தனை வேலை மாறினீங்க?' என்று கேட்பதற்குப் பதில், 'ஒவ்வொரு இடத்துலயும் என்ன கத்துக்கிட்டீங்க?' என்று கேட்டுப் பாருங்கள்.

குனிந்திருக்கும் தலை நிமிரும். பதிலும் வரும்!