நூல் பிடிப்பதற்கு முன்

வருகிற ஞாயிறு, வீட்டுக்கு பிளான் போட்டுத் தரும் வடிவமைப்பாளரை முதன்முதலாகப் பார்க்கப் போகிறேன். மணலூர்பேட்டையில், தென்பெண்ணைக்கு நடந்து போகும் தூரத்தில், இரண்டே முக்கால் சென்ட் மனை. பத்திரம் என் பெயரில், கடன் என் சம்பளத்தில். நேரம் கேட்கப் போன் செய்தபோது, “சாரும் வராங்களா மேடம்?” என்றார்கள். மணவிலக்கு பெற்று ஒன்பது வருடமாகிறது. அதைப் போனில் சொல்லத் தேவையில்லை. நான் மட்டும்தான் என்றேன். “அப்போ சும்மா பேசிட்டுப் போங்க, ஃபைனல் பண்ண இன்னொரு நாள் வெச்சுக்கலாம்” என்றது மறுமுனை.

அந்த இன்னொரு நாளுக்கு வேலையில்லாமல் செய்ய வேண்டும் என்றுதான் ஒரு நோட்டுப் போட்டேன்.

கல்லூரியில் உடன் வேலை செய்கிறவர்கள் படங்கள் அனுப்பினார்கள். எலிவேஷன், ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன். அழகாகத்தான் இருந்தன. ஆனால் எனக்கு நெடுநல்வாடை நினைவுக்கு வந்தது, பாடம் நடத்துகிற தொழில் அப்படி. 188 அடிகள் கொண்ட அந்தப் பாட்டின் நடுவில் ஓர் அரண்மனை எழும்புகிறது. நிழல் எந்தப் பக்கமும் சாயாத நடுப்பகலில் இரண்டு கோல் நட்டுத் திசை பார்த்து, நூல் கற்றவர்கள் கயிறு பிடித்து மனை வகுக்கிறார்கள். நிலை, கதவு, முற்றம், தந்தக் கட்டில் என்று ஒன்றையும் நக்கீரர் விடவில்லை. அந்தக் கட்டிலில் அரசி தூக்கமில்லாமல் கிடக்கிறாள், அரசன் பாசறையில். “அந்த ரூம் அவங்க கேட்டுக் கட்டினதா மேடம்?” என்று போன வருடம் ஒரு மாணவி கேட்டாள். பாட்டில் அதற்கு விடை இல்லை. இல்லாள், மனைவி, மனைக்கிழத்தி என்று வீட்டை வைத்தே பெண்ணுக்குப் பெயரிட்ட மொழி நம்முடையது. பத்திரத்தில் பெயர் ஏறத்தான் இத்தனை காலம்.

1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். (தனி அறை பற்றி வர்ஜீனியா வுல்ஃப் எழுதிய புத்தகம் வந்ததும் அதே வருடம்.) தமிழ்நாட்டில் சட்டம் வர 1989 ஆனது. அதுவும் அந்த மார்ச் 25-க்கு முன் திருமணமான மகள்களுக்கு இல்லை. அம்மா அதற்கு வெகு முன்பே தாலி கட்டிக்கொண்டவள். 2005-இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களையும் சேர்த்தபோது தாத்தா நிலம் பாகம் பிரிந்து பதிவாகியும் முடிந்திருந்தது. எழுபது வயதில் முதன்முறையாக ஒரு வீட்டைப் பற்றி அவளிடம் அபிப்பிராயம் கேட்கிறோம்.

ஆகவே அறைகளை எழுதாமல் ஒரு வாரம் ஆட்களை எழுதினேன். யார் எங்கே நிற்கிறார்கள், எவ்வளவு நேரம், எப்போது உட்காருகிறார்கள். அம்மா நாலடி ஒன்பது அங்குலம். இப்போதைய வாடகை வீட்டில் சமையல் மேடை மூன்றடி. மணைப்பலகை போட்டு அதன்மேல் ஏறி நின்று தாளிக்கிறாள். முழங்கைக்கு நான்கு விரற்கடை கீழே மேடை இருந்தால் தோள் வலிக்காது. 1926-இல் ஃபிராங்ஃபர்ட் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண், நடையைக் குறைக்கும்படி அளந்து அளந்து ஒரு சமையலறை செய்தார். நல்ல காரியம். ஆனால் அது ஒருவர் மட்டும் நிற்கிற அறை. அந்த ஒருவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் மேடை அம்மாவின் உயரத்துக்கு இருக்கும். பாத்திரம் தேய்க்கிற தொட்டி மட்டும் பத்தாவது படிக்கும் என் மகனின் உயரத்துக்கு. குனிய வேண்டியிருக்கிறது என்று இனி அவன் சொல்ல முடியாது.

கஷ்டமான கேள்வி பேஸ்மட்டம்தான். ஃபெஞ்சல் புயலை அடுத்து 2024 டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். ஆறு தெருவுக்கு வந்தது. மனைக்குப் பக்கத்து வீட்டுச் சுவரில் தடம் இன்னும் இருக்கிறது. டேப் வைத்து அளந்தேன், இரண்டே கால் அடி. அப்படியானால் தரை மூன்றடி ஏற வேண்டும். அம்மாவின் முழங்காலோ ஏறாதே என்கிறது. சாய்தளம் போட்டால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், மொத்தம் முப்பத்தாறு அடி. மனையின் அகலமே இருபத்து நான்கு. ஐந்து அங்குல உயரத்தில் ஏழு அகலப் படிகள், இருபுறமும் பிடி என்று வரைந்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முதலில் இதைத்தான் கேட்பேன். இதற்கு யோசிக்கிறாரா, இல்லை எலிவேஷன் படத்தைத் திருப்புகிறாரா என்பதிலேயே அவர் யாரென்று தெரிந்துவிடும்.

மற்றவை சின்னச் சின்னவை. குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உள்ளே யாராவது விழுந்தால் தள்ளித் திறக்க முடியாது. நான் எழுதும் அறைக்கு உள்தாழ்ப்பாள். கட்டணம் சதுர அடிக்கா, சதவீதமா. எத்தனை முறை மாற்றி வரைவார். வேலை நடக்கும்போது எத்தனை தடவை வந்து பார்ப்பார். ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொண்டால் பதிவு எண் கேளுங்கள். 1972 சட்டப்படி பதிவு பெற்றவர்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.

அம்மாவிடம் கேட்டால் ஒரே பதில்: “எனக்கு இன்னாத்துக்குத் தனி ரூமு? ஒரு ஓரமா படுத்துக்கறேன்.” ஆறாவது நாள் கீரை ஆய்ந்தபடி தானாகவே சொன்னாள், திண்ணை வேண்டுமாம். தை ஐந்தாம் நாள் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு ஆற்றுக்கு வரும்போது தெருவே நிறைந்திருக்கும், உட்கார்ந்து பார்க்கலாம் என்றாள். பழைய வீட்டில்தான் பெரிய திண்ணை இருந்ததே என்றேன்.

“இருந்துது. உங்க தாத்தா உக்காருவாரு, உங்க அப்பா உக்காருவாரு, பஞ்சாயத்துக்கு வர்றவங்க உக்காருவாங்க. நான் பெருக்கிக் கோலம் போடுவேன்.” கொஞ்சம் பொறுத்து, “ரொம்ப ஒசரமா கட்டிடப் போறாரு, சொல்லு. கால் தரையில படணும்.”

நாற்காலியில் உட்காரவைத்துக் குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை டேப்பைப் பிடித்தேன். பதினைந்து அங்குலம்.