150 ஜி.பி.யும் ஆர்.டிஸ். கோப்பும்

கணினி விளையாட்டைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் எழுதுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பேரப்பிள்ளைகள் பெரிய பெரிய விளையாட்டுகளைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கும் வீடுகள் இப்போது நிறைய. ஒரு நாள் அது மாயமாகிப் போய், மறுபடி இறக்க நாள்கணக்கில் காத்திருக்கும் சங்கடமும் பல வீடுகளில் உண்டு. இதற்கு ஓர் அரசாங்கக் குமாஸ்தாவின் கைவைத்தியம் கொஞ்சம் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு விளையாட்டின் பெயர் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர். 2020 ஆகஸ்ட் 18 அன்று வெளிவந்த பதிப்பு. செய்தவர்கள் பிரான்சில் போர்தோ நகரத்தில் இருக்கும் அசோபோ என்ற நிறுவனத்தார். சுடுவது, வெட்டுவது எதுவும் கிடையாது. விமானம் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். பூமி முழுவதும் அதற்குள் இருக்கிறது. மீனம்பாக்கம் இருக்கிறது, புதுச்சேரி லாஸ்பேட்டை விமானத்தளமும் இருக்கிறது.

இதற்கு 150 ஜி.பி. இடம் வேண்டும் என்று கம்பெனியே சொல்கிறது. ஐரோப்பாவில் இதைப் பெட்டியில் போட்டு விற்றபோது 10 டி.வி.டி. தேவைப்பட்டதாம், அதில் அடங்கியதே சுமார் 90 ஜி.பி. நான் கணக்கைப் பிரெஞ்சில் படித்தவன். 90 என்றால் என் மனம் இன்றும் 'காத்ர் வேன் தீஸ்', அதாவது நாலு இருபதும் ஒரு பத்தும் என்றுதான் எண்ணும். அப்படி எண்ணினாலும் இது பெரிய மூட்டைதான்.

இந்த மூட்டை எங்களுக்கு ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டும்.

1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். என் அக்காவின் கணவர் பிரெஞ்சுப் படையில் இருந்தவர். எழுதிக் கொடுத்தார். அக்கா கப்பலேறினாள். நான் இந்தியனாகவே இருந்து, வேலை கிடைத்து சென்னைக்கு வந்து, அசோக் நகரில் வீடு பிடித்தேன். கடிதம் வந்தது, பிறகு குறைந்தது, பிறகு பொங்கலுக்கும் நொயேலுக்கும் ஒரு தொலைபேசி என்று ஆனது. அக்கா காலமான பிறகு அதுவும் இல்லை.

அவளுடைய பேரன் பாரிசுக்கு வடக்கே சார்செல்லில் இருக்கிறான். 14 வயது. தமிழ் நாலு வார்த்தை தெரியும். என் பேரனுக்கு 13 வயது. பிரெஞ்சு தெரியாது. ஒரு கல்யாணத்துக்கு அவர்கள் இங்கே வந்தபோது இரண்டு பேருக்கும் ஒரே விளையாட்டுப் பிடிக்கும் என்று தெரிந்தது. அதிலிருந்து ஞாயிறு இரவு எட்டு மணிக்கு, அங்கே பிற்பகலில், இருவரும் ஆளுக்கொரு விமானத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு மகாபலிபுரம் வழியாகப் புதுச்சேரி வரை போவார்கள். இங்கிலீஷ் தடுமாறும் இடத்தில் நான் மொழிபெயர்ப்பாளன். 'ஆ கோஷ்' என்றால் இடப்பக்கம், 'ஆ த்ருவாத்' என்றால் வலப்பக்கம் என்பதை என் பேரன் இப்படித்தான் கற்றுக்கொண்டான். அறுபது வருடமாக அறுந்து அறுந்து முடிச்சுப் போட்ட கயிற்றில் இப்போதைக்கு இருக்கும் முடிச்சு இதுதான்.

2023 தீபாவளி முடிந்த வாரம் கணினி மெதுவாகிவிட்டது என்று என் மகன் அதைப் பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தான். "டி டிரைவைத் தொடாதீங்க" என்று சொல்லி, ஒரு சீட்டிலும் எழுதி ஒட்டித்தான் கொடுத்தான். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தது. "ஃபுல்லா க்ளீன் பண்ணிட்டோம் சார், இப்ப புதுசு மாதிரி ஓடும்" என்றார்கள். உண்மைதான். புதுசு மாதிரியே இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

மறுபடி இறக்க வேண்டியதுதானே என்றால், கணக்கைப் பாருங்கள். இணைய வேகத்தை 'பிட்' கணக்கில் சொல்கிறார்கள், கோப்பின் அளவை 'பைட்' கணக்கில் சொல்கிறார்கள். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். ஆகவே 40 எம்.பி.பி.எஸ். இணைப்பில் 150 ஜி.பி. வர, ஒரு நொடிகூடத் தடை இல்லாவிட்டால், 8 மணி 20 நிமிடம். தினம் 2 ஜி.பி. தரும் கைபேசித் திட்டத்தில் இறக்கினால் 75 நாள். எங்களுக்கு அந்த மழை மாதத்தில் கால் பங்கு வேகம்தான் கிடைத்தது. பகலில் மகனுக்கு வீட்டிலிருந்தே அலுவலகம். அதனால் இரவில் மட்டும் ஓடவிட்டோம். டிசம்பர் 3 அன்று முக்கால் பங்கு வந்திருந்தது. அன்றிரவு மிக்ஜாம் புயல் மழை. மறுநாள் மின்சாரம் இல்லை. மின்சாரம் வந்த பிறகும் எங்கள் தெருவுக்கு இணையம் வர ஒரு வாரம் ஆயிற்று.

நாலு ஞாயிறு போய்விட்டது. நாலாவது ஞாயிறு இரவு பேரன் சொன்னான்: "தாத்தா, அவன் வேற பசங்களோட வேற கேம் ஆட ஆரம்பிச்சுட்டான்." அழவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் திக்கென்றது. அக்காவின் கடிதங்கள் நின்றதும் சண்டையால் இல்லை. ஒரு மாதம் தள்ளிப்போனது, அடுத்த மாதமும் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

நல்லவேளை, டிசம்பர் 17 அன்று இருவரும் மறுபடி பறந்தார்கள். அதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். இந்த விளையாட்டை ஒரு பதிவறை போல நடத்த வேண்டும்.

பதிவறையில் முதல் கேள்வி, எது எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பது. எங்கள் காலத்தில் முடிந்த கோப்பில் எல்.டிஸ். என்று போட்டால் ஓராண்டு, கே.டிஸ். என்றால் மூன்றாண்டு, டி.டிஸ். என்றால் பத்தாண்டு, ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். எல்லாவற்றையும் நிரந்தரமாக வைத்தால் அறை நிரம்பிவிடும். எல்லாவற்றையும் எரித்தால் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும்.

விளையாட்டையும் இப்படிப் பிரிக்கலாம். ஸ்டீம் வழியாக முதலில் வருவது ஒரு சின்னத் துவக்க நிரல். அது எல்.டிஸ். போனால் போகட்டும், சில நிமிடத்தில் வந்துவிடும். அடுத்து 'பேக்கேஜஸ்' என்ற பெரிய மூட்டை. திரும்பக் கிடைக்கும், ஆனால் நாள்கணக்கு ஆகும். அது டி.டிஸ். கடைசியாகப் பிள்ளைகள் தாங்களே சேமித்த பறப்புத் திட்டங்கள், எடுத்த படங்கள். எல்லாம் சேர்ந்து ஒரு ஜி.பி. தேறாது. ஆனால் உலகத்தில் எந்தக் கம்பெனியிடமும் அதற்கு நகல் இல்லை. அது ஆர்.டிஸ்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஸ்டீமிலேயே பாதுகாப்பு நகல் எடுக்கும் வசதி இருக்கிறது. பெரும்பாலான விளையாட்டுகளுக்கு அது போதும். இந்த விளையாட்டில் அது சின்ன நிரலை மட்டுமே நகலெடுக்கும். மூட்டையை விளையாட்டே தனியாக இறக்கி, நாம் வேறு இடம் காட்டாவிட்டால், சி டிரைவில் மறைந்திருக்கும் 'ஆப்டேட்டா' என்ற உறைக்குள் வைத்துக்கொள்கிறது. விண்டோஸைப் புதிதாகப் போட்டால் அதோடு போச்சு.

இரண்டாவது கேள்வி, நகல் எங்கே இருக்க வேண்டும் என்பது. இதற்குப் பதில் என் பிரெஞ்சுப் பள்ளி நாள்களிலிருந்து வருகிறது. பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றையும் எழுதும் எத்தா சிவில் பதிவேட்டைப் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே சமயத்தில் இரண்டாக எழுதுவார்கள். ஒன்று மேரியில், மற்றது நீதிமன்றத்தில். நல்ல ஏற்பாடு. ஆனால் 1871 மே மாதம் பாரிஸ் கொம்யூன் கலவரத்தில் நகரமன்றமும் எரிந்தது, நீதிமன்றமும் எரிந்தது. 1860-க்கு முந்தைய பாரிஸ் பதிவேடுகள் இரண்டு நகலும் சாம்பல். ஒரு பகுதியைத்தான் பிறகு மற்ற ஆவணங்களை வைத்து மறுபடி எழுத முடிந்தது. ஒரே ஊரில் இருக்கும் இரண்டு நகல், ஆபத்து நாளில் ஒரே நகல்தான்.

காலனிகளுக்கு வேறு ஏற்பாடு. கரையான், ஈரம், போர் எல்லாவற்றையும் நினைத்து, 1776-இல் ஓர் அரசாணை போட்டு, மூன்றாவது நகலைப் பிரான்சுக்கு அனுப்பச் சொன்னார்கள். வெர்சாயில் அதற்கென ஒரு காப்பகம். அதனால்தான் பழைய புதுச்சேரிப் பதிவேடுகளை இன்று ஏக்ஸ் ஆன் ப்ரொவான்ஸ் காப்பகத்தில் பார்க்க முடிகிறது. புதுச்சேரி மேரி கட்டடமே 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்ததை நினைத்தால், 1776-இன் முன்யோசனை புரியும்.

அசோக் நகரிலும் அனுபவம் உண்டு. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது இங்கே தரைத்தளங்களில் தண்ணீர் புகுந்தது. மேசையில் கணினி, அதன் பக்கத்திலேயே நகல் டிஸ்க் என்றால் இரண்டும் சேர்ந்துதான் நனையும்.

இனி, நாங்கள் இப்போது செய்வது.

மூட்டையை விண்டோஸ் இருக்கும் சி டிரைவில் வைப்பதில்லை. தனி டிஸ்க், அதில் தெளிவான பெயரோடு ஓர் உறை. அந்த இடத்தை விளையாட்டு 'யூசர்சிஎஃப்ஜி' என்ற சின்னக் கோப்பின் கடைசியில் 'இன்ஸ்டால்டு பேக்கேஜஸ் பாத்' என்று ஒரு வரியாகக் குறித்து வைத்துக்கொள்கிறது. அந்த வரியை ஒரு தாளில் எழுதிப் பீரோ கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூட்டை முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுப்போம். ஒன்றிரண்டு மணி நேர வேலை. முடிந்ததும் கம்பியைக் கழற்றி டிஸ்க்கைப் பரணில் வைத்துவிடுவோம். செருகியே இருக்கும் நகலை வைரஸும் தொடும், சுத்தம் செய்கிறேன் என்று வருபவரும் தொடுவார்.

மறுபடி நிறுவ நேர்ந்தால், நகலைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, எங்கே நிறுவ வேண்டும் என்று கேட்கும்போது அந்த உறையையே காட்ட வேண்டும். இருப்பதைச் சரிபார்த்து, குறைவதை மட்டும் இறக்கிக்கொள்ளும். ஸ்டீமின் மற்ற விளையாட்டுகளுக்கு 'ஸ்டீம் ஆப்ஸ்' உறையை இப்படிக் காப்பாற்றலாம். வீட்டில் இரண்டு கணினி இருந்தால், 2023-இலிருந்து ஒன்றிலிருந்து மற்றதற்கு வீட்டு வலையிலேயே மாற்றிக்கொள்ளவும் ஸ்டீமில் வழி இருக்கிறது.

பழுதுபார்க்கக் கொடுக்கும்போது அந்தத் தனி டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் கொடுக்கிறோம். ஒட்டிய சீட்டை யாரும் படிப்பதில்லை என்று தெரிந்துவிட்டதே.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2015 ஜனவரியில் லினக்ஸ் கணினிகளுக்கான ஸ்டீம் நிரலில் இருந்த ஒரு பிழையால், ஸ்டீம் உறையை இடம் மாற்றியவர்களின் சொந்தக் கோப்புகளே அழிந்தன. 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு புதுப்பிப்பு சிலருடைய ஆவணங்களை அழித்ததால் அதையே நிறுத்தி வைத்தார்கள். பெரிய இடத்திலும் கை தவறும்.

நகல் எல்லாவற்றையும் காப்பாற்றாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதே விளையாட்டின் 2024 பதிப்பு வீட்டில் 50 ஜி.பி. இடம்தான் கேட்கிறது. மீதியைப் பறக்கப் பறக்கக் கம்பெனியின் கணினியிலிருந்து வாங்கிக்கொள்கிறது. வெளியான நவம்பர் 19 அன்று கூட்டம் தாங்காமல் பலர் உள்ளேயே நுழைய முடியவில்லை. 'தி க்ரூ' என்ற கார் விளையாட்டின் சேவையை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் அது ஓடாமல் போயிற்று. பதிவறையின் சாவி வேறொருவரிடம் இருந்தால் குமாஸ்தா என்ன செய்ய முடியும்? நம் கையில் இருப்பதையாவது ஒழுங்காக வைத்துக்கொள்ளலாம்.

டி.டிஸ். மூட்டைக்கு இரண்டு நகல் போதும். ஆர்.டிஸ். இனத்துக்கு மூன்று வைத்திருக்கிறோம். ஒன்று கணினியில். ஒன்று புதுச்சேரியில் என் தம்பி வீட்டில், ஒரு பென் டிரைவில். மூன்றாவது சார்செல்லில். மாதம் ஒருமுறை இங்கிருந்து இவன் அனுப்புகிறான், அங்கிருந்து அவன் அனுப்புகிறான். பெற்றுக்கொண்டேன் என்று பதில் போட வேண்டும் என்பது என் உத்தரவு. இருவரும் இதுவரை ஒரு மாதம்கூடத் தவறவில்லை.