இரவல் அலசல்

பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித்தருவது என் தொழில். போட்டி முடிந்ததும் அவர்கள் ஆடிய ஆட்டங்களை அலசி, பெற்றோர் கையில் ஓர் அச்சுத் தாளைக் கொடுப்பேன். அந்த அலசல் என்னுடையதல்ல. ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் என்ஜின் திரையில் காட்டும் நகர்த்தல் வரிசையை அப்படியே எடுத்து, நடுநடுவே ‘இங்கே கறுப்பு திணறுகிறது’ என்று நாலு வார்த்தை செருகி, அடியில் என் பெயரைப் போட்டுக்கொள்கிறேன்.

என்ஜினைப் பார்ப்பதில் தப்பில்லை, கிராண்ட்மாஸ்டர்களே பார்க்கிறார்கள். அந்த வரிசையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது தெரிந்திருந்தும் வாயைத் திறக்காததுதான் என் தப்பு.

என்ஜின் எழுதுகிறவர்கள் அந்த வரிசையை ‘பிவி’ என்பார்கள். இரு தரப்பும் தங்களுக்குச் சிறந்ததையே ஆடினால் ஆட்டம் இப்படிப் போகும் என்ற எதிர்பார்ப்பு அது. தேடலின் ஒவ்வொரு படிக்கும் ஒரு சிறு பட்டியல் உண்டு. இதுவரை கண்டதைவிட மேலான நகர்த்தல் கிடைத்தால், அதை முதலில் எழுதி, அடுத்த படியின் பட்டியலை அதன் பின்னால் ஒட்டிக்கொள்ளும். அப்படி அடியிலிருந்து ஏறி வருவதைத்தான் நாம் திரையில் பார்க்கிறோம். ரூடால்ஃப் ஹூபரும் ஸ்டெஃபான் மேயர்-காலனும் வகுத்து 2000-இல் வெளிவந்த, என்ஜின் திரையோடு பேசும் யூசிஐ நெறிமுறைப்படி, தேடிய ஆழம், சிப்பாயின் நூற்றில் ஒரு பங்கை அலகாகக் கொண்ட மதிப்பு, அலசிய நிலைகளின் எண்ணிக்கை இவற்றோடு இந்த வரிசையும் ஒரே வரியில் வந்து விழும்.

வரிசையின் தலை கெட்டி, வால் மெலிசு. வெள்ளையும் கறுப்பும் ஆடுவதைத் தனித்தனியே எண்ணி ஆழம் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நகர்த்தலைத் தேர்ந்தெடுக்க ஏறக்குறைய 20 படிகளும் துணை நின்றிருக்கும். 16-ஆவதைத் தேர்ந்தெடுக்க மிஞ்சியிருப்பது ஐந்தாறு படிதான். கடைசி நுனியில் பெரும்பாலும் காய் வெட்டுகளை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். அந்த நுனியில்தான் நான் ‘வெள்ளை வெல்கிறது’ என்று எழுதிவந்தேன். தாள் முழுக்க நகர்த்தல்கள் நிறைந்திருந்தால் வாத்தியாருக்கு விஷயம் தெரியும் என்று பெற்றோர் நம்புவார்கள். கட்டணமும் கேள்வி கேட்காமல் வரும்.

இதைவிடக் கேவலமாக நான் நடந்துகொண்டது ஒரு சிறுமியிடம். வரிசையில் கறுப்பு யானையால் வெட்டுகிற இடத்தில் நிறுத்தி, “சார், சிப்பாயால வெட்டினா?” என்று கேட்டாள். “தோத்துடும்மா” என்றேன், கண்ணிமைக்காமல்.

எனக்கு அது தெரியாது. திரையிலும் அதற்குப் பதில் இல்லை. என்ஜின் பயன்படுத்தும் ஆல்பா-பீட்டா தேடல், வரிசைக்கு வெளியே உள்ள நகர்த்தலின் சரியான மதிப்பைக் கணக்கிட மெனக்கெடுவதில்லை. ‘கையில் இருப்பதைவிட இது மேலானதல்ல’ என்று நிரூபணமானதும் அதை விட்டு நகர்ந்துவிடும். மயிரிழையில் பின்தங்கியதும் படுதோல்வியும் அதற்கு ஒன்றுதான். இரண்டாவது, மூன்றாவது நகர்த்தலின் மதிப்பும் வேண்டுமென்றால் மல்ட்டிபிவி என்ற அமைப்பில் எண்ணைக் கூட்ட வேண்டும். கூட்டினால் அதே ஆழத்துக்குப் போக நேரம் அதிகம் பிடிக்கும். எனக்குப் பொறுமை இல்லாததால் எப்போதும் ஒன்றிலேயே வைத்திருந்தேன்.

அன்றிரவு அந்த நிலையை வைத்து எண்ணை மூன்றாக்கிப் பார்த்தேன். சிப்பாயால் வெட்டுவதற்கும் யானையால் வெட்டுவதற்கும் இருந்த வித்தியாசம் ஒரு சிப்பாயின் நூற்றில் ஐந்து பங்கு. தோல்வியாம், தோல்வி! அவள் கேட்டது நல்ல கேள்வி. அவள் தானாகக் கண்டுபிடித்த ஒரு நல்ல யோசனையை, யோசிக்கவே லாயக்கில்லாதது போல ஒரே சொல்லில் அடித்துவிட்டேன்.

அடுத்த வகுப்பில் அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆட்டத்தின் தொடக்கத்தைப் பற்றிப் பேசி நேரத்தை ஓட்டினேன். அதற்குப் பின் அவள் கேள்வி கேட்பது குறைந்துவிட்டது. குறிப்பு மட்டும் எழுதிக்கொள்கிறாள்.

ஒன்றை மட்டும் செய்தேன். வரிசையை ஆறு நகர்த்தலோடு வெட்டி, மாற்று வழிகளுக்குப் பக்கத்தில் மதிப்பைப் போட ஆரம்பித்தேன். கொஞ்ச நாளில் ஒரு தகப்பனார், “என்ன சார், தாள் சுருங்கிப்போச்சே?” என்றார். அடுத்த வாரமே பழைய நீளத்துக்குப் போய்விட்டேன்.