கருணைச்சாவும் குருவானவரின் கடனும்

மரணத்தைப் பற்றி இருபத்திரண்டு வயதில் எழுத முற்படுவது துணிகரமான செயலே. ஆயினும் 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எங்கள் வீட்டில் நிகழ்ந்தவையும், அதே காலத்தில் இங்கிலாந்தில் நிகழ்ந்தவையும் என் மனத்தில் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டமையால் இக்கட்டுரையை எழுதலானேன்.

அம்மம்மா அப்போது புற்றுநோயின் இறுதிக் கட்டத்தில் இருந்தார். யாழ்ப்பாணத்துக் கரையோரக் கிராமமொன்றில், மாதா கோயில் மணியோசை கேட்கும் தொலைவில் எங்கள் வீடு. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை எனக் கூறிய வைத்தியர்கள், நோவு தணிக்க மோர்பின் மருந்து கொடுத்து அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தனர். அம்மம்மாவோ அதனைத் தொடவும் மறுத்தார். நோவைக் கர்த்தருடைய பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடுக்க வேண்டும்; மருந்து மயக்கத்திலே உயிர் பிரிந்தால் அது தானே தேடிக்கொண்ட சாவாகிவிடும் என்பது அவருடைய எண்ணம். இரவில் நோவு மிகும்போது, "ஆண்டவர் என்னைக் கூப்பிடுறாரில்லையே" என்று அரற்றுவார். விடுமுறையில் வீடு சென்றிருந்த நான் அக்குரலைக் கேட்டு உறங்காது கிடந்த இரவுகள் பல.

இந்நிலையில், ஒக்டோபர் மாதத்து ஞாயிறொன்றில் இலண்டனிலிருந்து சின்னம்மா தொலைபேசியில் பேசினார். அவர் அங்கு முதியோர் இல்லமொன்றில் தாதியாகப் பணிபுரிபவர். அன்றைய பூசையிலே கர்தினாலின் சுற்றுமடல் வாசிக்கப்பட்டதாகக் கூறினார். ஆறு மாதங்களுக்குள் இறப்பார் எனக் கணிக்கப்பட்ட வயதுவந்த நோயாளி, மருத்துவர் தரும் மருந்தைத் தானே உட்கொண்டு உயிர்நீக்க இடமளிக்கும் சட்டமூலமொன்று அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் அம்மாதம் அறிமுகமாகவிருந்தது. அப்போது வெஸ்ட்மின்ஸ்டர் பேராயராக இருந்த கர்தினால் வின்சென்ட் நிக்கல்ஸ் அதனை எதிர்த்து, கத்தோலிக்கர் தத்தம் பாராளுமன்ற உறுப்பினருக்கு எழுதவேண்டுமெனக் கேட்டிருந்தார். இறப்பதற்கான உரிமை காலப்போக்கில் இறக்கவேண்டிய கடமையாக மாறலாம் என்பது அவர் விடுத்த எச்சரிக்கைகளுள் ஒன்று.

இச்செய்தியைச் சொல்லிவிட்டுச் சின்னம்மா சற்றுநேரம் மௌனமாயிருந்தார். பின்னர், "சுவாமிமாருக்குச் சொல்லுறது சுகம். இரவிரவாய்ப் பக்கத்தில இருக்கிறது நாங்களெல்லோ" என்றார். ஞாயிறு பூசை தவறாதவர் அவர். அவர் வாயிலிருந்து அவ்வார்த்தை வந்தமையே என்னைத் திடுக்கிடச் செய்தது.

அதன்பின் சில தினங்களில் எங்கள் பங்குச் சுவாமியார் அம்மம்மாவுக்கு நோயிற்பூசுதல் வழங்க வந்தார். செபங்கள் முடிந்ததும் எழுந்து செல்லாமல், கதிரையை இழுத்துப்போட்டுப் படுக்கையருகில் அமர்ந்தார். "அந்த மருந்தைக் குடிச்சால் பாவமே, சுவாமி?" என்று அம்மம்மா கேட்டார். "பாவமில்லை அம்மா. நோவு குறையத்தானே குடிக்கப்போறியள், சாகவெண்டு இல்லையே. பாப்பானவரே இதைச் சொல்லியிருக்கிறார்" என்றார் சுவாமியார். அன்றிரவு அம்மம்மா மருந்தைக் குடித்தார். பல நாள்களுக்குப்பின் எங்கள் வீடு உறங்கியது.

பாப்பானவர் எங்கே, எப்போது அவ்வாறு சொன்னார் என்பதைப் பல்கலைக்கழகம் திரும்பியதும் தேடிப் படித்தேன். 1957 பெப்ரவரியில் மயக்கமருந்து வைத்தியர்களிடையே உரையாற்றிய பன்னிரண்டாம் பத்திநாதர், வேறு வழியில்லாதவிடத்து, ஆயுளைச் சற்றுக் குறைக்குமெனினும் நோவு தணிக்கும் மருந்தைக் கொடுக்கலாம் எனத் தெளிவுபடுத்தினார். அதே ஆண்டு நவம்பரில், அசாதாரணமான சிகிச்சைகளால் உயிரை இழுத்துப்பிடிக்கும் கடமை எவருக்கும் இல்லை என்றார். 1980இல் உரோமாபுரி வெளியிட்ட கருணைக்கொலை பற்றிய அறிக்கையும், 1995இல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் எழுதிய 'வாழ்வின் நற்செய்தி' என்னும் சுற்றுமடலும் இந்நிலைப்பாட்டையே உறுதிசெய்தன. உயிரைப் பறித்தல் ஆகாது. சாவை வலிந்து தள்ளிப்போடவும் வேண்டியதில்லை. நோவைத் தணிக்கலாம் என்பதே திருச்சபையின் போதனை. இம்மூன்றனுள் முதலாவதை மட்டுமே எங்கள் குடும்பம் அறிந்திருந்தது. ஆகாது என்பது பிரசங்க மேடையிலிருந்து எங்கள் செவிக்கு எட்டியிருந்தது. ஆகும் என்பதை அறிய, ஒரு குருவானவர் எங்கள் வீட்டுக்கு வந்து அமரவேண்டியிருந்தது.

குருமார் இவ்விடயத்தில் இத்துணை உறுதி காட்டுவதற்கு வரலாற்றிலும் காரணம் உண்டு. நாஸி ஆட்சியின்போது ஜேர்மனியில் மனநோயாளரும் அங்கவீனரும் பயனற்றவர்களெனக் கணிக்கப்பட்டு நச்சுவாயுவால் கொல்லப்பட்டனர். 1941 ஆகஸ்ட் 3ஆந் திகதி மியூன்ஸ்டர் நகர ஆயர் வொன் காலன் பிரசங்க மேடையிலிருந்து அதனைக் கொலை என வெளிப்படையாகக் கண்டித்தார். பயன்தராத மனிதரைக் கொல்லலாமெனின், முதுமையடையும் நம் ஒவ்வொருவருக்கும் அதே கதி நேருமல்லவா என்பதே அவர் வாதத்தின் சாரம். எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டபின், அம்மாத இறுதியில் ஹிட்லர் நச்சுவாயுக் கொலைகளை நிறுத்த ஆணையிட்டான். வேறு வழிகளில் அவை தொடர்ந்தன. காலனின் பிரசங்கங்களைப் பரப்பிய லூபெக் நகரக் குருமார் மூவர் 1943 நவம்பரில் சிரச்சேதம் செய்யப்பட்டனர்.

ஆயின் அங்கு கொல்லப்பட்டோர் சாவைக் கேட்டவரல்லர். இன்று இங்கிலாந்தில் சாவைக் கேட்கும் நோயாளியையும் அவருக்கு இரங்கும் வைத்தியரையும் அக்கொலைகாரரோடு ஒப்பிடுதல் அநீதி. மனித உயிரைப் பயன்பாட்டால் அளக்கும் நிலை மீண்டும் வந்துவிடக்கூடாது என்னும் அச்சத்தை மட்டுமே அவ்வரலாற்றிலிருந்து நாம் பெற்றுக்கொள்ளலாம். அவ்வச்சம் நியாயமானதே. பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டேன் என்று அம்மம்மாவும் பலமுறை சொன்னதுண்டு.

தமிழ் சிறப்புக்கலை பயிலும் சைவ நண்பனொருவன் என்னை வேறொரு கேள்வியால் மடக்கினான். "கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்நீத்ததைப் புறநானூற்றிலே போற்றிப் படிக்கிறோம். உன் சமயத்தார்க்கு ஆகாதது மற்றவர்க்கும் ஆகாதென உன் குருமார் சட்டம் வகுப்பது எங்ஙனம்?" என்றான். சோழன் எவருக்கும் பாரமாக இருந்தவனல்லன் என்று ஏதோ விடையிறுத்தேன். அது முழுமையான விடையன்று என்பதை இருவரும் அறிவோம். கர்தினாலின் எச்சரிக்கை, கடவுளை நம்பாதவரும் சீர்தூக்கிப் பார்க்கக்கூடிய நியாயமாகும். குருவானவரும் ஒரு குடிமகனாதலின் அவ்வாறு பேச அவருக்கு உரிமை உண்டு. 2025 யூன் 20ஆந் திகதி அச்சட்டமூலம் 314க்கு 291 என்ற வாக்குகளால் கீழ்ச்சபையில் நிறைவேறியது. அதனை ஆதரித்து வாக்களித்தமைக்காகத் தமக்கு நற்கருணை மறுக்கப்படுமெனத் தம் பங்குக் குரு பூசையில் அறிவித்ததாகக் கத்தோலிக்க உறுப்பினர் ஒருவர் எழுதினார். இதனைப் படித்தபோது என் மனம் சோர்ந்தது. நியாயம் கூறி இணங்கவைத்தல் வேறு. திருப்பந்தியைக் காட்டிப் பணியவைத்தல் வேறு.

இலண்டனிலேயே நான் போற்றும் வேறொரு முன்மாதிரி உண்டு. ஹக்னிப் பகுதியில் அயர்லாந்தைச் சேர்ந்த பிறரன்புச் சகோதரிகள் 1905இல் தொடங்கிய புனித சூசையப்பர் இல்லம், இறக்கும் ஏழைகளைப் பராமரித்து வந்தது. அங்கிலிக்க சபையைச் சேர்ந்த வைத்தியர் சிசிலி சோண்டர்ஸ் 1958 முதல் அங்கு பணியாற்றி, நோவு வந்தபின் கொடுப்பதை விடுத்து, வருமுன்னரே நேரந்தவறாது மருந்து கொடுக்கும் முறையை ஆராய்ந்து நிலைநாட்டினார். 1967இல் அவர் புனித கிறிஸ்தோபர் இல்லத்தை நிறுவியபின் அம்முறை உலகெங்கும் பரவியது. கருணைச்சாவுக்கு எதிராகக் கத்தோலிக்கர் கூறிய சொற்கள் யாவற்றிலும் அக்கன்னியர் விரித்த கட்டில்களே வலிமை மிக்கன என்பது என் துணிபு.

அம்மம்மா மார்கழி முதல் வாரத்தில் இறந்தார். அதுவரை சுவாமியார் ஆறேழு தடவை வந்திருப்பார். பெரும்பாலும் பிரசங்கம் ஏதுமின்றி, மீன்பிடி பற்றியும் பழைய பங்குக்குருமார் பற்றியும் பேசிக்கொண்டிருந்துவிட்டுச் செல்வார். இவற்றையெல்லாம் தொலைபேசியில் கேட்ட சின்னம்மா, "அப்பிடி ஒரு சுவாமி எல்லாருக்கும் கிடைச்சால் நல்லதுதான்" என்றார். அவர் பராமரிப்போரில் பலருக்கு அத்தகைய ஒருவர் கிடைப்பதில்லை என்பதே அதன் பொருள்.

மருந்துக்கும் அடங்காத நோவாயிருந்தால் நான் என்ன நினைத்திருப்பேன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். விடை கிடைக்கவில்லை. ஆயினும் திருச்சபையின் பக்கமே நிற்கிறேன். சாகவேண்டாம் என்று ஒருவரைத் தடுப்பவர், அவருடைய இரவுகளில் பங்குகொள்ளவும் கடமைப்பட்டவர். குருமாருக்கு உரிய அக்கடன் அவர்களோடு சேர்ந்து தடுக்கும் எனக்கும் உரியது. இனி விடுமுறைக்குச் செல்லும்போது, அம்மம்மாவின் வயதொத்து எங்கள் ஊரில் தனித்திருப்போர் வீடுகளுக்கும் சென்றுவர எண்ணியுள்ளேன்.