மங்கிய கல்

கல்வெட்டைப் பற்றி எழுதுபவனுக்குக் கடமைகள் இரண்டு. தான் வாசித்ததைச் சொல்லுதல் ஒன்று. தான் வாசித்த கல்லை வாசகனுக்கும் காட்டுதல் மற்றொன்று. முதலாவதைக் கட்டுரையாசிரியன் செய்வான். இரண்டாவதோ பெரும்பாலும் பக்கங்களை அமைப்பவரின் கையிலேயே தங்கியுள்ளது. இவ்வுண்மையைக் கலைப்பீடத்து மாணவி ஒருத்தி ஆண்டிதழ் ஒன்றின் வேலையினூடே அறிந்துகொண்டாள்.

தமிழ்ச் சங்க ஆண்டிதழின் பக்க அமைப்பு அவளுடைய பொறுப்பு. அவ்விதழுக்கு இரண்டாம் வருட மாணவன் ஒருவன் காலி மும்மொழிக் கல்வெட்டைப் பற்றி எழுதியிருந்தான். சீனக் கடலோடி செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடைய அக்கல் 1409 ஆம் ஆண்டுக்குரியது. 1911 இல் காலியிற் கண்டெடுக்கப்பட்டது. இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் அமைந்த அதன் தமிழ்ப் பகுதி, தெனவரை நாயனாரைப் போற்றிக் காணிக்கைகளை நிரல்படக் கூறுகின்றது. மாணவன் கொழும்புக்குச் சென்று, எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழும் கோணம் பார்த்து, அப்பகுதியைப் படம் பிடித்து வந்திருந்தான்.

பக்கங்கள் முடிந்தன. இன்டிசைன் மென்பொருளில் அமைத்த இதழைப் பி.டி.எவ். கோப்பாக மாற்றி அச்சகத்துக்கு அனுப்பவேண்டும். கோப்பு பெரிதாயிருந்தமையால் மின்னஞ்சலிற் போக மறுத்தது. அவள் மிகச் சிறிய கோப்பைத் தரும் தெரிவைத் தேர்ந்தாள். கோப்பு உடனே சென்றது. திரையில் முழுப் பக்கமாகப் பார்த்தபோது குறையேதும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் புறூவ் வந்தது. மாணவன் அதனை நெடுநேரம் பார்த்தான்.

"அக்கா, கல்லுத் தெரியுது. எழுத்தைக் காணேல்லை" என்றான்.

அவன் சொன்னது மெய்யே. அதனினும் வருத்தந் தந்த ஒன்றை அவள் கண்டாள். கட்டுரையின் சொற்கள் ஒவ்வொன்றும் ஊசிமுனைபோற் கூர்மையாக நின்றன. அச்சொற்களுக்குச் சான்றான கல் மட்டும் புகைபடிந்து கிடந்தது. அச்செழுத்துகள் கோட்டு வடிவங்களாகக் கோப்பிற் சேர்கின்றன. எவ்வளவு பெருப்பித்தாலும் அவற்றின் விளிம்பு கலையாது. ஒளிப்படமோ எண்ணி வைத்த புள்ளிகளால் ஆனது. புள்ளிகள் குறைந்தால் உருவமும் குறையும்.

எவ்வளவு குறைந்தது என்று அவள் கணக்கிட்டாள். 3000 புள்ளி அகலமுடைய படம் பக்கத்தில் 5 அங்குல அகலத்தில் நின்றது. ஆகவே அங்குலத்துக்கு 600 புள்ளிகள் இருந்தன. அவள் தேர்ந்த தெரிவோ, அங்குலத்துக்கு 150 புள்ளிகளுக்கு மேற்பட்ட வண்ணப் படங்களை 100 ஆகக் குறைத்துவிடுவது. 3000 இருந்த இடத்தில் 500 எஞ்சின. உயரத்தையும் சேர்த்து எண்ணினால் 36 இல் ஒரு பங்கே மிச்சம். அதன்மேல் ஜேபெக் சுருக்கம் எழுத்தோரங்களில் அழுக்குப்போலப் படிந்திருந்தது. குறைந்ததை மறுபடி பெருப்பிப்பதாலும் பயனில்லை. மென்பொருள் அயற்புள்ளிகளைக் கொண்டு இடைவெளியை நிரப்புமேயன்றி, உளி வெட்டிய கோட்டை மீட்டுத் தராது.

எனவே அவள் மூலப் படத்திற்கே திரும்பினாள். பக்கத்தில் வைத்த படத்துக்கும் மூலக் கோப்புக்கும் உள்ள தொடர்பு அறுந்திருப்பின், திரைக்கான மங்கல் உருவமே அச்சுக்குப் போய்விடும். அதனை முதலிற் சரிபார்த்தாள். அடுத்து, உயர்தர அச்சுக்கான தெரிவில், படங்கள் அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்குக் கீழே போகாதவாறு கோப்பை உருவாக்கினாள். நல்ல தாளில் அங்குலத்துக்கு 150 வரிசைப் புள்ளிகளாகப் படம் அச்சேறும். அதற்கு இருமடங்கு கொடுத்தல் வேண்டும் என்பதே அக்கணக்கு. இம்முறை திரையில் நான்கு மடங்கு பெருப்பித்து, எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். பென் ட்ரைவில் ஏற்றிய கோப்பைப் பேருந்தேறித் தானே அச்சகத்தில் ஒப்படைத்தாள்.

இரண்டாவது புறூவைக் கண்ட மாணவன் மகிழ்ந்தான். அதனைப் பார்வையிட்ட விரிவுரையாளரோ, உருப்பெருக்கிக் கண்ணாடியைப் படத்தின்மேல் வைத்தவர், தேய்ந்த ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டார்.

"நீர் ககரமெண்டு வாசிச்சிருக்கிறீர். தகரமாயும் இருக்கலாம். இந்த வளைவைப் பாரும்."

மாணவனின் முகம் வாடியது. அவள் முதற் புறூவை நினைத்துக்கொண்டாள். அதனைப் பார்த்து எவரும் இவ்வாறு மறுத்திருக்க முடியாது. மாணவனின் வாசிப்பை நம்புவது அல்லது விடுவது என்பதைத் தவிர வாசகனுக்கு வேறு வழி இருந்திராது. கல் தெளிவாக நிற்கும்போதே வாசகனும் வழக்கில் ஒரு கட்சியாகிறான்.

அன்று மாலை மாணவன் கட்டுரையின் இறுதியில், அவ்வெழுத்தை வேறுவிதமாகவும் வாசிக்கலாம் என ஒரு வாக்கியம் சேர்த்தான். அதற்கு இடங்காண அவள் அப்பக்கம் முழுவதையும் மீண்டும் அமைக்கவேண்டியதாயிற்று. படத்தைச் சிறிதாக்கினால் வேலை எளிதில் முடிந்திருக்கும். அவள் படத்தைத் தொடவில்லை.