வெஸ்ட்லாந்தில் செடிக்கு நடுவே எரியும் விளக்கு

நெதர்லாந்தில் தி ஹேக், ராட்டர்டாம் நகரங்களை ஒட்டிக் கடலோரமாக இருக்கும் பகுதி வெஸ்ட்லாந்து. 'கண்ணாடி நகரம்' என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடிப் பசுமைக்குடில்கள்தான். நான் போனது டிசம்பரில். காலை எட்டே முக்காலுக்குத்தான் சூரியன் எட்டிப் பார்க்கிறது, மாலை நாலரைக்கு மறைந்துவிடுகிறது. அந்த எட்டு மணி நேரமும் பெரும்பாலும் மேகமூட்டம்தான்.

அங்கே தக்காளிக்கு மண் கிடையாது. தொங்கும் தொட்டிகளில் ராக்வுல் என்கிற கல்பஞ்சில் நிற்கிறது. கயிற்றில் ஏற்றி, வளர வளரத் தண்டைக் கீழே இறக்குகிறார்கள். பருவம் முடியும்போது தண்டின் நீளம் 10 மீட்டரைத் தாண்டுகிறது. கூரையில் சோடியம் விளக்குகள். அது போதாதென்று, வரிசைக்கு உள்ளேயே இலைகளுக்கு நடுவில் நீளமான எல்.இ.டி. பட்டைகள், சிவப்பும் நீலமும் கலந்த வெளிச்சத்தோடு எரிகின்றன. கையை அருகில் வைத்துப் பார்த்தேன், லேசான சூடுதான். சோடியம் விளக்கை அந்த இடத்தில் மாட்டினால் இலை கருகிவிடும்.

ஏன் நடுவில் விளக்கு? விழுகிற வெளிச்சத்தில் பெரும்பகுதியை உச்சி இலைகளே எடுத்துக்கொள்கின்றன. கீழே இருக்கும் இலை அரையிருட்டில் நிற்கிறது. ஆனால், சுவாசிப்பதற்கான செலவு அதற்கும் உண்டு. வரவு குறைந்தால் பழுத்து விழும். நடுவில் வெளிச்சம் கிடைத்தால் அந்த இலையும் சமைத்துப் பக்கத்துக் காய்க்குக் கொடுக்கும். அதற்காக ரொம்பக் கீழே மாட்டியும் பயனில்லை. முதிர்ந்த இலைக்கு உழைக்கும் திறன் குறைவு. எப்படியும் அதைக் கிள்ளி எடுத்துவிடுவார்கள்.

செலவு? பலர் இயற்கை எரிவாயுவில் சொந்தமாக மின்சாரம் எடுக்கிறார்கள். அதில் வரும் சூடு குடிலுக்கு, சுத்தப்படுத்திய கரியமில வாயு செடிக்கு. இத்தனை இருந்தும், 2022-ல் எரிவாயு விலை எகிறியபோது பலர் அந்தக் குளிர்காலத்தில் விளக்கை ஏற்றவே இல்லை.

இதைச் சொல்லக் காரணம், ஓசூர் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி. பாலிஹவுஸ் குடைமிளகாய்க்குக் கடன் வாங்கி இந்தப் பட்டைகளை மாட்டலாமா என்கிறார். வேண்டாம் ஐயா. நமக்கு டிசம்பரிலும் 11 மணி நேரத்துக்கு மேல் பகல். கோடையில் வெயில் அதிகம் என்று நிழல்வலை இழுக்கிறோமே! கீழ் இலை பழுத்தால், முதலில் மேல் ஷீட்டில் படிந்த தூசியைக் கழுவுங்கள். கவாத்து செய்து இரண்டு அல்லது நான்கு கிளைகளோடு நிறுத்துங்கள். பாத்தியில் வெள்ளி நிறம் மேலே இருக்கும்படி மல்ச்சிங் ஷீட் விரித்தால், கீழே விழும் வெளிச்சம் திரும்பி இலையின் அடிப்பக்கம் படும். சத்துக் குறைவாலும் இலை பழுக்கும் என்பதால் அதையும் பார்த்துவிடுங்கள்.

சாமந்திக்கு இரவில் பல்பு போடுவது வேறு கதை. அது இரவின் நீளத்தைக் குறைத்துப் பூப்பைத் தள்ளிப்போடுவதற்காக. செடிக்குச் சாப்பாடு போட அல்ல.

அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால், விற்க வருபவரிடம் ஒரு பருவத்துக்கு எத்தனை யூனிட் மின்சாரம் ஓடும், எத்தனை கிலோ கூடுதலாக வரும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.