சோகை

தமிழில் ‘சோகை’ என்னும் சொல் இரு பொருள் உணர்த்தும். உழவர் கரும்பின் உலர்ந்த தோகையைச் சோகை என்பர். மருத்துவர் குருதி வெளிறும் நோயைச் சோகை என்பர். திருத்தணியைச் சூழ்ந்த ஊர்களில் கரும்பு விளைவதால் முதற்பொருளை இளமையிலேயே அறிந்திருந்தேன். இரண்டாம் பொருளை நாற்பத்து நான்காம் அகவையில் என் உடலே எனக்குக் கற்பித்தது.

ஓராண்டுக்கும் மேலாக வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் மெலிவும் என்னை வருத்தின. குடல் காசநோயோ என முதலில் ஐயுற்றனர். நம் நாட்டில் அந்நோய் மிகுதி; குறிகளும் பெரிதும் ஒத்தவை. குடல் உள்நோக்கிச் சோதனையும் திசு ஆய்வும் முடிந்த பின்னரே ‘குரோன் நோய்’ என உறுதி செய்தனர். 1932இல் நியூயார்க் நகரின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையைச் சார்ந்த பர்ரில் குரோன் என்பாரும் அவர்தம் தோழர் இருவரும் விரித்துரைத்த நாட்பட்ட குடல் அழற்சி இது.

வலியினும் கொடியதாக இருந்தது களைப்பே. உறங்கி எழுந்தாலும் அது தீராது. திருத்தணி மலைக்கு ஆண்டின் நாட்களுக்கு ஒப்ப 365 படிகள் என்பர். எங்கள் வீட்டு மாடிக்கு 18 படிகளே. அவற்றிற்கிடையே இருமுறை நின்று மூச்சு வாங்கினேன். வகுப்பில் கரும்பலகையில் எழுதக் கை தூக்கினால் தோள் கனத்தது. குருதிச் சோதனையில் ஹீமோகுளோபின் 7.8 கிராம், கருவுறாப் பெண்டிர்க்கு 12 கிராமுக்குக் குறைந்தாலே சோகை என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரையறை.

அன்புடையோர் பலர் பேரீச்சையும் முருங்கைக்கீரையும் ஆட்டுச் சுவரொட்டியும் கொணர்ந்து தந்தனர். “பெண்களுக்கு இது உள்ளதுதானே” என்று தேற்றியோரும் உளர். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்டிருள் நூற்றுக்கு 57 பேர் சோகை உடையவர்கள். பலருக்கு உண்டென்பதால் ஒரு நோய் இயல்பாகிவிடாது.

உண்பது குறைந்ததால் மட்டுமே என் குருதி குறையவில்லை என மருத்துவர் விளக்கினார். குடற்புண்களின் வழியே குருதி சிறிது சிறிதாகக் கசிகிறது. சிறுகுடலின் கடைப்பகுதி நலிந்தால் பி12 வைட்டமின் உடலில் சேராது. மூன்றாவது காரணம் நுட்பமானது: அழற்சி மிகும்போது கல்லீரல் ‘ஹெப்சிடின்’ என்னும் பொருளை மிகுதியாகச் சுரக்கும், அது இரும்பு குடலிலிருந்து குருதிக்குச் செல்லும் வாயிலை அடைத்துவிடும், உடலில் சேமித்த இரும்பையும் வெளிவிடாது.

இதைக் கரும்பு பயிரிடும் என் சாச்சாவிடம் கூறினேன். அவர் வியப்படையவில்லை. “சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் கரும்பும் இப்படித்தான் வெளுக்கும், அம்மா. மண்ணில் இரும்பு இருக்கும். வேரால் எடுக்க முடியாது. அன்னபேதியைக் கரைத்து இலைமேல் தெளித்தால்தான் பச்சை திரும்பும்” என்றார். அன்னபேதி இரும்புச் சத்துள்ள உப்பு. சித்த மருத்துவரும் அதனைச் செந்தூரமாக்கிச் சோகைக்கு வழங்குவர்.

எனக்கும் வேரை விடுத்த வழியே வாய்த்தது. அழற்சியுற்ற குடல் இரும்பு மாத்திரையை ஏற்காமையால் சிரைவழி இரும்பு செலுத்தினர். பி12 ஊசியும் இட்டனர். அழற்சியைத் தணிக்கும் மருந்தே முதன்மையானது. அதனை விட்டால் ஏனையவை நிலையா. சிவப்பணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள். ஆதலின் நலம் ஓரிரவில் வாராது. இன்று 11 கிராமை எட்டியுள்ளேன். கடினமான பாடத்தை முதல் மணியிலேயே நடத்துகிறேன். எஞ்சியவற்றை அமர்ந்து நடத்துகிறேன். இரும்பு சேர்வதைத் தேநீர் தடுக்கும் ஆதலின் உணவோடு அதனை அருந்துவதில்லை.

ரமலான் மாதம் வந்தபோது உள்ளம் கலங்கியது. பதின் பருவம் முதல் நோற்று வந்த நோன்பை விடுவதா? மருத்துவர் வேண்டாவென்றார். எங்கள் பள்ளிவாசல் இமாம் அவர்கள் அல்பகரா அத்தியாயத்தின் 184ஆம் வசனத்தை எடுத்துரைத்தார்: நோயுற்றோர் பிற நாட்களில் நோற்கலாம், இயலாதோர் ஏழைக்கு உணவளிக்கலாம். இறைவன் தந்த சலுகையை ஏற்பதும் கீழ்ப்படிதலே என்றார். அவ்வாண்டு நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளித்தோம். அடுக்களைப் பொறுப்பை என் கணவரும் மகனும் ஏற்றனர். நோன்புக் கஞ்சி சற்றுக் குழைந்தாலும் எவரும் குறை கூறவில்லை.

மாணவச் செல்வங்களே! வகுப்பில் ஓயாது சோர்ந்திருக்கும் தோழியைச் சோம்பேறி என எண்ணிவிடாதீர்கள். குருதிச் சோதனைக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். பெரியோர்களே! உங்கள் வீட்டுப் பெண்டிர்க்குச் சோகை என்று மருத்துவர் கூறினால், இரும்பு மாத்திரை வாங்கியதோடு அமையாது, குருதி ஏன் குறைந்தது என்று ஒருமுறை கேளுங்கள்.